உழவு யந்திரத்துக்கு எண்ணெய் எட்டாமை: காரணம் அறியும் முறை

காலபோகத்தின் முதல் மழை விழுந்து நிலம் பதப்பட்டதும் உழவு தொடங்குகின்றது. அந்தப் பதம் நெடுநாள் நில்லாது. குளத்து நீரை நம்பிச் சேற்றுழவு செய்யும் கமக்காரருக்கோ வாய்க்காலில் நீர் வரும் முறைநாளே உழவு நாள். அன்றைக்கென்று உழவு யந்திரம் வயலின் நடுவே நின்றுவிடின் நீர்முறை அடுத்தவருக்குப் போய்விடும். விதைப்பதற்காக ஊறவைத்துக் கட்டிய நெல் சாக்கினுள்ளேயே முளை நீண்டு, வேர் பின்னி, வீசுதற்கு ஆகாததாய்விடும். ஆகவே யந்திரம் நின்ற இடத்திலேயே அதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் கமக்காரருக்குப் பெரும் இலாபமாகும்.

இலங்கையின் வயல்களிலும் மேட்டுநிலத் தோட்டங்களிலும் இன்றும் உழைத்துவரும் பழைய நான்கு சில்லு உழவு யந்திரங்களிற் பல, 1964ஆம் ஆண்டில் வெளிவந்த மாசி பேர்கசன் 135 வகையையும், அதற்கு முந்திய 35 வகையையும், பிந்திய 240 வகையையும் சேர்ந்தவை. இவற்றுட் பெரும்பாலானவற்றிற் பொருத்தப்பட்டிருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட பேர்கின்ஸ் டீசல் எஞ்சின். அதன் கொள்ளளவு 152 கன அங்குலம். அதாவது ஏறக்குறைய இரண்டரை லீற்றர். இந்த எஞ்சின் எளிதிற் கெடுவதன்று. முறையாக ஒயில் மாற்றி வந்தால் ஒரு தலைமுறை கடந்தும் உழும். ஆயினும் அது நடுவயலில் நிற்பது அரிதன்று. அவ்வாறு நிற்கும்போது குற்றம் எஞ்சினில் இருப்பதிலும், தாங்கியிலிருந்து எஞ்சின் வரை எண்ணெய் செல்லும் வழியில் இருப்பதே அதிகம்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. சிலிண்டரினுள் இறுகி வெப்பமேறிய காற்றின்மீது எண்ணெய் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும்போது அது தானே பற்றுகின்றது. ஆகவே காற்று, இறுக்கம், எண்ணெய் ஆகிய மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடாதவிடத்து இம்மூன்றில் எது இல்லை என்பதே கேள்வி.

எண்ணெய் செல்லும் வழி

வழியை அறியாமல் தடையைக் காண முடியாது. இந்த வகை யந்திரங்களில் தாங்கி எஞ்சினுக்கு மேலே, பொனற்றின் கீழ் அமைந்துள்ளது. தாங்கியின் அடியில் அடைப்புத் திருகியும், அதனை அடுத்து நீரும் மண்டியும் தங்குவதற்கான சிறு கிண்ணமும் உள்ளன. அங்கிருந்து எண்ணெய் எஞ்சினின் பக்கத்திலுள்ள ஊட்டும் பம்பிக்குச் செல்கின்றது. மெக்கானிக்குகள் இதனை பீட் பம்ப் என்பர். இதனுள்ளே ஒரு மென்றகடு மேலும் கீழும் அசைந்து எண்ணெயைத் தள்ளும். எஞ்சின் ஓடாதபோதும் கையால் இயக்குவதற்கு ஒரு சிறு நெம்பு இதில் உண்டு. அடுத்தது பில்டர் என வழங்கும் எண்ணெய் வடி. வடியைக் கடந்த எண்ணெய் டீசல் பம்பியை அடைந்து, பேரமுக்கம் பெற்று, மூன்று உருக்குக் குழாய்கள் வழியே மூன்று இன்ஜெக்டர்களுக்குப் போய்ச் சேருகின்றது.

டீசல் பம்பியைப் பற்றி ஒரு விடயம் குறிப்பாக அறியத்தக்கது. இந்த யந்திரங்களிற் பெரும்பாலும் காணப்படும் சி.ஏ.வி. டி.பி.ஏ. வகைப் பம்பியில், சுழலும் ஒரே உறுப்பு மூன்று சிலிண்டருக்கும் முறைமுறையாக எண்ணெயைப் பகிர்கின்றது. எனவே இப்பம்பி கெட்டால் பெரும்பாலும் மூன்று சிலிண்டரும் ஒருங்கே பாதிக்கப்படும். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாதிருப்பின் பம்பியைக் குற்றஞ் சொல்வதற்கு முன்னர் அந்தச் சிலிண்டரின் குழாயையும் இன்ஜெக்டரையும் பார்த்தல் வேண்டும். இதனை அறியாமையால் நல்ல பம்பிகள் பல கழற்றப்படுகின்றன.

முதலிற் கண்ணும் காதும்

ஸ்பனரை எடுப்பதற்கு முன்னர் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். ஸ்டாட்டர் எஞ்சினை வேகமாகச் சுழற்றியும் புகைக்குழாயிற் சிறிதேனும் புகை வராவிடின், சிலிண்டருக்கு எண்ணெய் எட்டவில்லை என்று கொள்ளலாம். சுழற்றும்போது வெண்புகை வந்தும் எஞ்சின் பற்றாவிடின் எண்ணெய் எட்டுகின்றது, எரியவில்லை என்பது பொருள். அப்போது எண்ணெயில் நீர் கலந்துள்ளதா, இன்ஜெக்டர் சொட்டுகின்றதா, எஞ்சினின் இறுக்கம் தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பற்றறி தளர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் இவ்வாறே வெண்புகை மட்டும் வரும். உழும்போது கரும்புகை கக்கி வலுக்குறைந்தால் அது எண்ணெய்க் குறைவன்று. காற்றுக் குறைவு அதற்கு முதற் காரணம். புழுதியுழவிலும் சூடடிப்பிலும் உழைத்த யந்திரத்தின் காற்று வடி பதராலும் தூசியாலும் அடைபட்டிருக்கும். அதனைக் கழுவி, அதன் கிண்ணத்திற் புது ஒயில் விட்ட மாத்திரத்தில் புகை தெளிந்துவிடுவதுண்டு. அதற்குப் பின்னும் கரும்புகை நில்லாவிடின் இன்ஜெக்டர்களைச் சோதிப்பிக்க வேண்டும்.

புகையே இல்லாதவிடத்து, எஞ்சினை நிறுத்துவதற்கு இழுக்கும் கைப்பிடி முற்றாக உள்ளே போயிருக்கின்றதா என்று முதலிற் பார்க்க. பழைய யந்திரங்களில் அந்தக் கைப்பிடியின் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். கைப்பிடி உள்ளே போனாலும் பம்பியின் பக்கத்திலுள்ள நெம்பு திரும்பாமல் நிறுத்திய நிலையிலேயே நின்றுவிடும். ஒருவர் கைப்பிடியை அசைக்க மற்றொருவர் பம்பியருகே நின்று நெம்பைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நாட்கணக்காகத் தேடியும் காரணம் பிடிபடாது, ஈற்றில் இந்தக் கம்பிக்கு ஒரு துளி ஒயில் விட்டதும் ஓடிய யந்திரங்கள் உள.

தாங்கியில் எண்ணெய் உண்டா என்பதைச் சுத்தமான தடியொன்றை விட்டுப் பார்த்தல் நன்று. வரம்பேறி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் யந்திரத்தில், அடியில் எண்ணெய் இருந்தும் குழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றை உள்ளே விட்டிருக்கக் கூடும்.

மூடியின் துளை

வன்னியில் ஒரு குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் கமக்காரர் ஒருவரின் உழவு யந்திரம் அரைமணி நேரம் உழுதபின் தானே தணிந்து நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டுப் பின்னர் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். மீண்டும் அரைமணியில் நிற்கும். அயலார் பம்பி கெட்டதென்றனர். பம்பி கழற்றப்பட்டுப் பட்டினத்துக்கு அனுப்பப்பட்டது. அது திரும்பி வர நான்கு நாட்கள் சென்றன, கூலியும் சிறிதன்று. பூட்டி ஓட்டியபோது அரைமணியில் மறுபடியும் நின்றது. அவ்வேளை வரம்பில் நின்ற முதியவர் ஒருவர் தாங்கியின் மூடியைத் திருகித் தளர்த்த, காற்று "உஸ்" என்ற ஒலியுடன் உள்ளே புகுந்தது. எஞ்சின் உடனே பற்றி ஓடியது. மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை சேற்றாலும், அதற்கு மேற் பூசிய வர்ணத்தாலும் அடைபட்டிருந்தது. ஓர் ஊசியாற் குத்த வேண்டிய துளைக்காக நான்கு நாள் உழவு போயிற்று.

இதன் காரணம் எளிது. எண்ணெய் வெளியேற வெளியேற அதன் இடத்துக்குக் காற்று வருதல் வேண்டும். துளை அடைபட்டால் தாங்கியினுள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெயைப் போகவிடாது பிடித்துக்கொள்ளும். யந்திரம் சற்று நின்றால் மூடியின் விளிம்பால் காற்று மெல்லக் கசிந்து உட்சென்று, எண்ணெய் மறுபடி பாயும். தாங்கி நிறைந்திருக்கும்போது மேலே உள்ள காற்றிடம் சிறியதாகையால் எஞ்சின் விரைவில் நின்றுவிடும். குறைந்திருக்கும்போது சற்று நீடித்து ஓடும். எண்ணெய் நிரப்பியவுடன் இக்குறை மிகுவதைக் கண்டால் மூடியையே ஐயுற வேண்டும். தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துளையில்லாத வேறொரு மூடியையோ, பொலித்தீனையோ கட்டி ஓட்டுவோருக்கும் இதே இடர் நேரும்.

மூடியைத் திறந்துவைத்தும் யந்திரம் அவ்வாறே நின்று நின்று ஓடினால் தாங்கியினுள்ளே குப்பை மிதக்கின்றது எனலாம். எண்ணெய் பாயும்போது சருகோ துணித்துண்டோ குழாயின் வாயில் வந்து ஒட்டும். எஞ்சின் நின்றதும் விலகிவிடும். இரண்டு குறைகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பினும், மூடியைத் திறந்து பார்ப்பதொன்றே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

வழிநெடுகச் சோதித்தல்

இனி ஒவ்வொரு கட்டமாகக் குழாயைக் கழற்றி எண்ணெய் எதுவரை வருகின்றது எனப் பார்த்தல் வேண்டும். தாங்கியிலிருந்து தொடங்குவதே முறை. இடையிலிருந்து தொடங்குபவர் இரண்டு வேலை செய்வர்.

ஊட்டும் பம்பிக்கு வரும் குழாயை அதன் வாயிற் கழற்றி, சுத்தமான போத்தலொன்றைப் பிடித்து, தாங்கியின் திருகியைத் திறக்க வேண்டும். தாங்கி மேலே இருப்பதால் எண்ணெய் தானாகவே இடையறாத தாரையாக விழுதல் வேண்டும். முதலில் தாரையாக வந்து பின்னர் துளிகளாகக் குறைந்தால் திருகியோ, அதன் வலையோ, கிண்ணமோ மண்டியால் அடைபட்டுள்ளது. கிண்ணத்தைக் கழற்றி டீசலாற் கழுவுக. குழாய் அடைபட்டிருப்பின் மூடியைத் திறந்துவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியால் தாங்கியை நோக்கி ஊதலாம். வாயால் உறிஞ்சுதல் கூடாது. டீசல் சிறிதளவு சுவாசப்பைக்குள் சென்றாலும் கடும் நோய் விளைக்கும். இவ்வழக்கம் கமக்காரரிடையே பெரிதும் பரவியிருப்பதால் இதனை வற்புறுத்த வேண்டியிருக்கின்றது.

போத்தலிற் பிடித்த எண்ணெயை உடனே ஊற்றிவிடாது சிறிது நேரம் நிழலில் வைத்துப் பார்க்க. நீர் டீசலிலும் பாரமானது. கலந்திருப்பின் அடியிற் பிரிந்து நிற்கும். அடியில் நீரும், நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே கருமையான வழுவழுப்புப் படலமும் கண்டால், அது நுண்ணுயிர்கள் பெருகியதால் உண்டானது. அத்தகைய எண்ணெயில் ஒரு போத்தலும் யந்திரத்துக்கு ஆகாது. தாங்கியை முற்றாக வடித்துக் கழுவ வேண்டும்.

தாங்கியிலிருந்து நன்றாக வந்தால் அந்தக் குழாயைப் பூட்டி, ஊட்டும் பம்பியிலிருந்து வெளிச்செல்லும் குழாயைக் கழற்றி, கைநெம்பை அசைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் எண்ணெய் வலுவாகப் பீறிட வேண்டும். நெம்பு தளர்வாக, எதிர்ப்பின்றி அசைந்தால் உடனே பம்பி கெட்டதெனக் கருதற்க. எஞ்சின் நின்ற நிலையில் உள்ளிருக்கும் கமரா மென்றகட்டை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுழற்றி மறுபடி பார்க்க. அதன் பின்னரும் எண்ணெய் வலுவின்றிக் கசிந்தால் பம்பியின் வாய்த்தகடுகளில் தூசி சிக்கியிருக்கும், அன்றி மென்றகடு கிழிந்திருக்கும்.

மென்றகடு கிழிந்த பம்பியை அலட்சியஞ் செய்தல் பெருங்கேடு. கிழிசல் வழியே டீசல் எஞ்சினின் அடியிலுள்ள ஒயிலிற் கலக்கக் கூடும். ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் மட்டம் குறையாது ஏறியிருந்தால் மகிழத்தக்கதன்று. ஒயில் நீர்த்து, டீசல் மணம் வீசினால் யந்திரத்தை ஓட்டுவதை அன்றே நிறுத்துக. நீர்த்த ஒயிலுடன் ஓடிய எஞ்சினின் பெயாரிங்குகள் உருகிவிடும். மென்றகட்டின் விலை எங்கே, எஞ்சினைத் திருத்தும் செலவு எங்கே!

ஊட்டும் பம்பி நன்றாயிருப்பின் அடுத்தது வடி. வடிக்கு முன்னுள்ள குழாயில் எண்ணெய் வலுவாகவும், பின்னுள்ள குழாயில் மெலிந்தும் வந்தால் வடியின் உட்பகுதி அடைபட்டது. வெறுமையாக ஓடும்போது நன்றாக ஓடி, கலப்பையைத் தாழ்த்தி இழுக்கும்போது மட்டும் தணியும் எஞ்சினுக்கு இதுவே பெரும்பாலும் நோய். ஏனெனிற் சுமையின்றி ஓடும்போது அதற்கு வேண்டிய எண்ணெய் சிறிது, உழும்போது பன்மடங்கு. கடதாசியாலான உட்பகுதியைப் பெற்றோலிற் கழுவி மறுபடி பூட்டுவோர் உளர். இது வடியை வைத்துக்கொண்டே வடியில்லாமல் ஓட்டுவதற்குச் சமம். கழுவும்போது கடதாசி கிழிந்து நுண்மணல் நேராகப் பம்பியை அடைகின்றது. புதியதைப் பூட்டுகையில் பழைய றப்பர் வளையங்களையும் மாற்றுக. பெட்டியுடன் வரும் வளையங்கள் அதற்காகவே தரப்படுகின்றன.

காற்றுப் புகுதல்

எண்ணெய் கசியும் இடத்தைக் கண் காணும். காற்றுப் புகும் இடத்தைக் கண் காணாது. அதனாலேயே இக்குறை கமக்காரரை அதிகம் அலைக்கின்றது. டீசல் எண்ணெய் அமுக்கத்துக்குச் சுருங்காது; காற்றோ சுருங்கும். பம்பியினுள்ளே சிறிது காற்று இருப்பினும் பம்பி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே தன் வலுவைச் செலவிடும், இன்ஜெக்டர் திறவாது. மாலையில் நன்றாக ஓடிய யந்திரம் காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்னரே பற்றினால், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து எண்ணெய் பின்வாங்கியது என்று ஐயுறலாம்.

தாங்கிக்கும் ஊட்டும் பம்பிக்கும் இடைப்பட்ட இணைப்புகளே முதலிற் பார்க்க வேண்டியவை. வெயிலில் வெடித்த றப்பர்க் குழாய், இளகிய சுரை, கிண்ணத்தின் சப்பளிந்த வாசர் ஆகியன வழக்கமான இடங்கள். ஊட்டும் பம்பியின் முன்னே ஒரு சாண் நீளமான ஒளியூடுருவும் பிளாஸ்ரிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓட்டினால் குமிழிகள் ஓடுவது தெரியும். எவ்விணைப்பைக் கடந்தபின் குமிழி தோன்றுகின்றதோ அங்கேயே குற்றம். செம்பு வாசர்கள் ஒருமுறை இறுக்கப்பட்டதும் கடினப்பட்டுவிடும். மறுபடி பூட்டினால் இறுகப் பொருந்தா. புதியது அகப்படாவிடின் பழையதைச் செந்நிறமாகும்வரை சூடாக்கி நீரிற் போட்டால் செம்பு மிருதுவாகும். பின்னர் கரியைத் தேய்த்தகற்றிப் பூட்டலாம். சவர்க்காரத்தைப் பூசியும் நூலைச் சுற்றியும் ஒட்டவைப்பது ஒரு நாளுக்கு உதவலாம். அந்த நூலின் நாரே மறுநாள் வலையை அடைக்கும்.

குழாய் எதனைக் கழற்றினாலும், வடியை மாற்றினாலும், எண்ணெய் முற்றாகத் தீர்ந்தாலும் காற்றை வெளியேற்ற வேண்டும். முறை இது: தாங்கியின் திருகியைத் திறந்து, நிறுத்தும் கைப்பிடியை உள்ளே தள்ளி, வடியின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியை இரண்டு மூன்று சுற்று இளக்கி, ஊட்டும் பம்பியின் நெம்பை அசைக்க. முதலில் நுரையும் பின்னர் தெளிந்த எண்ணெயும் வரும். குமிழியில்லாத எண்ணெய் வந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குக. அதன்பின் டீசல் பம்பியின் பக்கத்திலுள்ள திருகாணியையும், மேலுள்ள திருகாணியையும் இவ்வாறே இளக்கி, காற்றகற்றி, அவ்வொழுங்கிலேயே இறுக்குக. ஈற்றில் இரண்டு இன்ஜெக்டர்களில் உருக்குக் குழாயின் சுரையை இளக்கி, எண்ணெய் நெம்பை முழுவதும் திறந்து, ஸ்டாட்டரால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். சுரையின் அடியில் எண்ணெய் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிட்டால் எஞ்சின் பற்றும். ஸ்டாட்டரைத் தொடர்ந்து அமர்த்தாது சில விநாடி சுழற்றிச் சற்று ஓய்வு கொடுக்க. பொறுமையற்றவர் முதலில் பற்றறியை இழப்பர். காற்றகற்றுவதற்கு முன்னர் திருகாணிகளைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் வயலில் அதனைச் செய்வோர் சிலரே.

ஒரு சிலிண்டர் வேலை செய்யாமை

எஞ்சின் ஓடினாலும் நொண்டி ஓடி நடுங்கினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று காணலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சுரையின்மேற் துணியைப் போர்த்து, ஒரு குழாயின் சுரையை அரைச்சுற்று இளக்குக. எஞ்சின் மேலும் தணிந்து ஒலி மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. சுரையை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்க. எதனை இளக்கியும் எஞ்சினின் ஓட்டத்தில் மாற்றமில்லையோ அதுவே நோயுற்ற சிலிண்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எஞ்சின்களின் இன்ஜெக்டர் திறப்பது 150 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தில். அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கு மேல். முன் ரயருக்கு அடிக்கும் காற்றோ 30 இறாத்தலை அண்டியதே. இன்ஜெக்டரின் நுண்துளையாற் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். கழற்றிய இன்ஜெக்டரைக் குழாயிற் பூட்டிக் கையை நீட்டித் தெளிப்பைப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. அவ்வாறு பாய்ந்த இடத்தில் முதலில் ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் பெரிதாக இராது. அதனை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் உள்ளே தசை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரும். வலி இல்லாவிடினும் அந்நேரமே வைத்தியசாலைக்குச் சென்று, டீசல் அமுக்கத்துடன் உட்சென்றது என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இன்ஜெக்டர்களை அதற்குரிய கருவியுள்ள வேலைத்தலத்திலேயே சோதிப்பிக்க வேண்டும்.

இரண்டு சில்லு யந்திரமும் நீரிறைக்கும் எஞ்சினும்

இரண்டு சில்லு உழவு யந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில், எண்ணெய் பொதுவாகத் தன் பாரத்தாலேயே இறங்கும். ஊட்டும் பம்பி இராது. மூடி, வலை, வடி, காற்று ஆகிய சோதனைகள் இதற்கும் பொருந்தும். கையாற் சுழற்றும்போது இன்ஜெக்டர் தெளிக்கும் ஒலி, கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல், ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒருமுறை கேட்கும். பழகிய காதுக்கு இவ்வொலி ஒன்றே போதும். கேட்காவிடின் எண்ணெய் எட்டவில்லை.

காய்கறி, வெங்காயச் செய்கையாளர் கிணற்றிலிருந்து நீரிறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் வேறு இனம். அதில் தீப்பொறியும் காபரேற்றரும் உண்டு. எஞ்சின் சூடேறுமுன் பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அது நிற்பதற்கு முதற் காரணம். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால் காபரேற்றர்க் கிண்ணத்திற் பெற்றோல் தங்கும். மறுநாள் எளிதிற் பற்றும்.

மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லத்தக்கது. 1990களில் வடபகுதியில் எரிபொருட் தடை நிலவியபோது, சில துளி பெற்றோலைக் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையே ஓட்டிய மக்கள், எதிலும் மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று எண்ணுவது வியப்பன்று. டீசல் பம்பிக்கு அது பொருந்தாது. அப்பம்பியினுள்ளே வேறு ஒயில் இல்லை. தன்னுள்ளாற் செல்லும் டீசலே அதற்கு வழுக்கெண்ணெய். மண்ணெண்ணெய் மெலியது. கலந்து ஓட்டினால், தலைமயிரின் பருமனிலும் எத்தனையோ மடங்கு சிறிய இடைவெளியுடன் பொருந்தியிருக்கும் உறுப்புகள் உராய்ந்து தேயும். தேய்ந்த பம்பி குளிர்ந்தபோது எஞ்சினைப் பற்றவைக்கும். சூடேறி நின்றபின் மறுபடி பற்றவையாது. இக்குறி தோன்றினால் பம்பியை ஐயுறுவதில் தவறில்லை.

எண்ணெயைச் சேமித்தல்

2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது நாட்கணக்காக வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கமக்காரர் அகப்பட்ட கலன்களிலெல்லாம் சேமித்துவைத்தனர். வேறு வழியும் இருக்கவில்லை. ஆயினும் அதனால் ஏற்பட்ட வழக்கம் பலரிடம் இன்றும் தொடர்கின்றது. நாகம் பூசிய வாளியிலோ பரலிலோ டீசலை வைத்தலாகாது. டீசல் நாகத்துடன் தாக்கமுற்று உண்டாகும் பசைபோன்ற பொருள் வடியை அடைக்கும். வெறும் இரும்புப் பரலும், எரிபொருளுக்கென்று செய்யப்பட்ட பிளாஸ்ரிக் கலனுமே தக்கவை. பரலை நிழலில் சற்றுச் சாய்த்துவைத்து, கொண்டுவந்த எண்ணெயை ஒருநாள் அடங்கவிட்டு, அடியில் மூன்று அங்குலத்தை விட்டு மேலுள்ளதை எடுக்க வேண்டும். எஞ்சியது கருவிகளைக் கழுவ உதவும்.

உழவு முடிந்த மாலையிலேயே தாங்கியை நிரப்புதல் நன்று. குறைந்த தாங்கியில் இரவின் குளிரால் உட்சுவரிற் படியும் நீர்த்துளிகள் வழிந்து எண்ணெயிற் சேரும். போகம் முடிந்து யந்திரத்தை நிறுத்திவைக்கும்போதும் தாங்கி நிறைந்திருத்தல் வேண்டும். வெறுமையாக விட்டால் உட்புறம் துருவேறி, அடுத்த போகத்தின் முதல் உழவிலேயே அத்துரு வலையில் வந்து நிற்கும்.

பம்பியைக் கழற்ற நேரும்போது

மேற்கூறிய யாவும் செம்மையாயிருந்து, வடியைக் கடந்து குமிழியற்ற எண்ணெய் வலுவாக வந்தும், இன்ஜெக்டர்ச் சுரைகளில் எண்ணெய் துடித்து வராவிடின் டீசல் பம்பியே குற்றமுடையது. அதன் முத்திரைக் கம்பியை அறுத்துத் திறத்தல் கமக்காரருக்கும் ஆகாது, சாதாரண கராஜுக்கும் ஆகாது. அளந்து சரிசெய்யும் மேசையுள்ள டீசல் வேலைத்தலத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். கழற்றுவதற்கு முன் பம்பியின் விளிம்பும் எஞ்சினும் பொருந்தும் இடத்தில் குறுக்கே ஒரு கூரிய கோடு இருக்கின்றதா எனப் பார்த்து, இல்லாவிடின் இட்டுக்கொள்க. அக்கோடு பிசகினால் எண்ணெய் தெளிக்கும் நேரமும் பிசகும். குழாய்களின் வாய்களைத் துணியால் அடையாது, சுத்தமான மூடிகளால் மூடுக. வேலைத்தலத்தில் பம்பியைக் கையளிக்கும்போது என்னென்ன சோதித்தீர், எக்கட்டம் வரை எண்ணெய் வந்தது, எஞ்சின் சூட்டிற் பற்றவில்லையா குளிரிற் பற்றவில்லையா என்பவற்றை எழுதிக் கொடுத்தால் வேண்டாத வேலைக்குக் கூலி கொடுக்க நேராது. பம்பி திரும்பி வந்ததும் கோட்டுக்குக் கோடு பொருத்திப் பூட்டி, வடியில் புதிய உட்பகுதியை இட்டு, காற்றகற்றலை வடியின் தலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.